தண்ணீர் கொடுத்த வரிசை

தூதருக்குச் சவரம் செய்துவிடுவதற்குள் தூதரம்மாவுக்குக் காலைப்பொழுது பாதி போய்விடும். மனிதர் சும்மா இருந்தால்தானே. கன்னத்தில் நுரை பூசி, தாடையை நிமிர்த்தி, கத்தியை வைக்கப் போகும் நேரம் பார்த்து, யாரோ பெரிய மனிதர் உள்ளே நுழைந்துவிட்ட மாதிரி எழுந்திருக்கப் பார்ப்பார். வலது கையும் காலும் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. எழுந்தால் சாய்ந்துவிடுவார். சாய்ந்தால் தூக்கி நிறுத்த இவளும் இவளுடைய எழுபத்தாறு வயது முதுகும்தான் உண்டு.

“உக்காருங்க. யாரும் வரல.”

“வந்திருக்காங்க. வாசல்ல நிக்க வெச்சுப் பேசறது மரியாதை இல்ல.”

“காத்திருப்பாங்க. நீங்க உதட்ட இறுக்குங்க, மீசைக்கு மேல எடுக்கணும்.”

தெருவில் எல்லோருக்கும் அவர் தூதர். நான்கு நாடுகளில் கொடி கட்டிய காரில் போனவர். பேசத் தெரிந்தும் பேசாமல் இருப்பதுதான் அந்த உத்தியோகம் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அதற்கு முன்னால் அவர் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் வாத்தியார். மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், யாருக்கு யார் என்ன முறை, யார் வீட்டில் யார் கைநனைக்கலாம் என்று ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து எழுதியவர். தெருவுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் தூதர் என்பதில் இருக்கிற மினுக்கு அதில் ஏது. இவள் அங்கே டைப்பிஸ்டாக இருந்தாள். அவருடைய கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால்தான் கட்டிக்கொண்டார் என்று அந்தக் காலத்தில் கேலி செய்வார்கள். அதில் பாதி உண்மையும் இருந்தது.

மூன்று நாளாக விடாத தூறல். காயப் போட்ட துணியெல்லாம் கூடத்துக் கொடியில் ஈர நாற்றத்தோடு தொங்கியது. அன்றைக்கு உண்மையிலேயே வாசலில் மணி அடித்தது. பாதி முகத்தை நுரையோடு விட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

நாற்பது வயதைக் கடந்த ஒருத்தி நின்றாள். நனைந்த பை, நனைந்த செருப்பு. கழுத்தில் அளவெடுக்கும் நாடா ஒன்று தொங்கியது. தையல்காரியாக இருக்க வேண்டும்; பயணத்தில் அதைக் கழற்றக்கூட மறந்துவிட்டாள் போல.

“அத்தைதானே?” என்றாள்.

தூதரம்மாவுக்கு அத்தை என்று கூப்பிட உலகத்தில் ஒருத்தர் கிடையாது. “யாரும்மா நீ? எந்த வீட்டத் தேடற?”

“ஆத்து மேட்டுலேருந்து வரேன். பஸ்ஸும் ரயிலுமா ரெண்டு நாளாச்சு. மாமா இருக்காங்களா? நான் ஒண்ணாம் வீட்டுப் பொண்ணு.”

ஒண்ணாம் வீடு என்ற சொல்லைக் கேட்டதும் தூதரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் சொல்லை அவள் ஆயிரம் தடவை தட்டச்சு செய்திருக்கிறாள். வெளி ஆள் ஒருவர் வாயால் கேட்டது அதுவே முதல் தடவை.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவர் ஆற்று மேட்டில் போய்த் தங்கினார். வேற்று நாடு, ஆற்றுக்கு மேலே ஒரு மேடு, அதில் நாற்பத்து மூன்று வீடு. இரண்டு வருஷம் நான்கு மாதம் இருந்தார். மானிடவியல் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நம்பிச் சொன்னவர்கள் பெயரை எழுதக்கூடாது. எழுதினால் நாளைக்குப் போலீஸ்காரன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு அவர்கள் வாசலில் வந்து நிற்பான். அதனால் வீடுகளுக்கு எண் போட்டார். எந்த எண் யார் வீடு என்பது தனியாக ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டு அவர் இடுப்பை விட்டு இறங்காது.

எண் போட்டதிலும் அவருக்கு ஒரு கிறுக்கு. மற்றவர்களாக இருந்தால் பாதையிலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு போவார்கள். இவர், தனக்கு யார் முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்களோ அது ஒண்ணாம் வீடு, அடுத்துக் கொடுத்தது இரண்டாம் வீடு என்று போட்டார். போன புதிதில் பத்தொன்பது நாள் அந்த மேட்டில் அவர் முகத்தை ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இருபதாம் நாள், மேட்டின் கடைசி மூலையில், கல்குவியலுக்குப் பக்கத்து வீட்டில் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பெண் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “குடிங்கண்ணே” என்றாள். கடைசி மூலை வீடு ஒண்ணாம் வீடானது அப்படித்தான்.

தையல்காரி உள்ளே வந்து செருப்பை ஓரமாக விட்டாள். பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, பையைக் கீழே வைத்தாள். பிறகு தூதரம்மா கையிலிருந்து கத்தியை வாங்கி, “நான் எடுத்து விடறேன் அத்தை, எங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் நான்தான் எடுத்தேன்” என்றாள். அவள் கைக்கு அவர் அசையாமல் முகம் கொடுத்தார். இரண்டு வருஷமாக இவளைப் படுத்திய பாட்டை நினைத்துத் தூதரம்மாவுக்குக் கோபம்கூட வந்தது.

“மாமா, நான் யாருன்னு தெரியுதா?”

“இருங்க. சொல்றேன்.” கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “ஒண்ணாம் வீடு. அதே தாடை.”

“அவங்க மக. நீங்க ஒரு தடவ கார்ல வந்தீங்க. என்னத் தூக்கிக்கிட்டு ஆத்தப் பாத்து நின்னீங்க. அப்ப எனக்கு ஆறு வயசு.”

“உங்கம்மா தண்ணி குடுத்தா. செம்பு ஓட்டச் செம்பு. பாதி என் சட்டையிலதான் ஊத்துச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. தையல்காரியும் சிரித்தாள். முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

வந்த விஷயத்தை அன்று மத்தியானம் சூப்பும் ரொட்டியும் சாப்பிடும்போது சொன்னாள். சாப்பிட்டது அவள் அல்ல. ரொட்டியைச் சூப்பில் தோய்த்துத் தோய்த்து அவருக்கு ஊட்டிக்கொண்டே சொன்னாள்.

“மேட்ட எடுத்துக்கிட்டு எங்கள லாரியில ஏத்தி முப்பத்து நாலு வருஷமாச்சு அத்தை. சுரங்கம் பாதி மேட்டத் தின்னுடுச்சு. மீதிப் பாதியில இன்னும் கை வெக்கல. இப்ப ஒரு தீர்ப்பாயம் போட்டிருக்காங்க. நெலையா வீடு கட்டி இருந்தோம்னு காட்டினா அந்த மீதிய எங்களுக்கே குடுத்துடணும். இல்லன்னா அதையும் தோண்டிடுவாங்க. அங்க எங்க வீடு இருந்த மூலை இருக்கு. எங்க ஆளுங்களப் பொதச்ச எடம் பூரா அதுலதான் இருக்கு.”

“காட்ட வேண்டியதுதானே? நாப்பத்து மூணு வீடு இருந்துதே.”

“யாரு சொல்றது? நாங்க சொன்னா, நீங்க நாடோடி, வருவீங்க போவீங்க, வீடெல்லாம் கெடையாதுங்கறாங்க. மாமா புத்தகத்தக் காட்டினோம். அதுல ஊர் பேரும் இல்ல, ஆள் பேரும் இல்ல, வெறும் நம்பர். இது எந்த மேடோ யாருக்குத் தெரியும்னு எதிர்த்தரப்பு வக்கீல் சிரிச்சான்.”

தூதரம்மா தலையை ஆட்டினாள். இந்த இடத்தில் சொல்ல அவளிடம் ஒரு கதை உண்டு. எத்தனையோ விருந்துகளில் சொல்லிப் பழகிய கதை. “பேர் எழுதின நோட்ட அவரே எரிச்சுட்டாரும்மா. தூதரா அங்க போனப்போ, அரசாங்கத்துக்காரங்க கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு. பங்களாவுக்குப் பின்னாடி, என் கண்ணு முன்னாடி எரிச்சார். உங்களக் காப்பாத்தத்தான் அப்படிச் செஞ்சார்.”

தையல்காரி கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து பிளாஸ்டிக் உறையொன்றை எடுத்து, அதிலிருந்து நான்கு தாள்களை உருவினாள்.

“எங்கள லாரியில ஏத்தினப்போ அதிகாரி கையில இருந்த பட்டியல். அந்த ஆபீஸ்ல வேலை பாத்த கிளார்க் ஒருத்தர் ஓய்வு பெற்றதும் மனசு கேக்காம எங்ககிட்ட ஒரு நகல் குடுத்தார். கையெழுத்து இல்ல, முத்திரை இல்ல. நீங்களே அடிச்சு எடுத்துக்கிட்டு வந்ததுன்னு எதிர்த்தரப்பு சொல்லுது. இத இன்னார்தான், இன்ன வருஷம் எழுதினார்னு எழுதினவங்க வாயால ஒரு சாட்சி வேணும். அது கெடச்சா நாப்பத்து மூணு வீடும் ருசு ஆயிடும்.”

தூதரம்மா தாள்களை வாங்கினாள். மூக்குக்கண்ணாடி தேவைப்படவில்லை. முதல் வரியில் கல்குவியலுக்குப் பக்கத்து மூலை வீடு. இரண்டாவது பாதைக்கு அந்தப் பக்கம். மூன்றாவது மறுபடியும் ஆற்றோரம். நில அளவைக்காரன் எவனும் இப்படிப் பைத்தியம் மாதிரி மேட்டைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து எண் போட மாட்டான். தண்ணீர் கொடுத்த வரிசை. எண், பெயர், தலைகள் எத்தனை. கடைசியில் ஒரு பத்தி: பகலில் எங்கே இருப்பார்கள்.

அந்தப் பங்களாவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இதை அவள்தான் தட்டச்சு செய்தாள். ‘இந்த நோட்டுக்கு ஒரு பிரதி அடிச்சுக் குடு’ என்றார். பகலில் எங்கே இருப்பார்கள் என்ற பத்தி எதற்கு என்று கேட்டாள். அவர் சொன்னார், புது வீடு கட்டிக் கொடுக்கும்போது வேலைக்குப் போகிற இடத்துக்குப் பக்கமாகக் கொடுக்க வேண்டாமா, அதற்குத்தான். சுரங்கம் தோண்ட வந்தது நம் நாட்டுக் கம்பெனி. ஒப்பந்தம் முடிந்த அன்று பெரிய விருந்து. எப்படியும் மேட்டை எடுக்கத்தான் போகிறார்கள், பட்டியல் இருந்தால் ஒரு வீடும் விட்டுப்போகாது என்று அவர் நம்பினார். இவளும் நம்பினாள். அவர் சொன்னபடியே ஒரு வீடும் விட்டுப்போகவில்லை. நோட்டை அவர் எரித்தது அதற்கு அடுத்த வாரம்தான். இந்த முப்பத்து நாலு வருஷத்தில் இவள் அந்த இரண்டு விஷயத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டாம் என்று இருந்துவிட்டாள் என்பதுதான் சரி.

அவள் தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த இரண்டு நாளும் தையல்காரி வீட்டிலேயே தங்கினாள். மூன்றாம் நாள் பதினொரு மணிக்குச் சாட்சி பதிகிற அதிகாரி வருகிறார்; அதுதான் கடைசிப் பதிவு; அதற்குப் பிறகு கோப்பு தீர்ப்பாயத்துக்குப் போய்விடும். அதுவரை அவள் சும்மா இருக்கவில்லை. காயாத துணிகளை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டே காய வைத்தாள். அவருடைய கால்சட்டைகளை எல்லாம் இடுப்பில் பிடித்துத் தைத்தாள். அலமாரியில் கிடந்த கறுப்புக் கோட்டை அவருக்குப் போட்டுப் பார்த்து, “மாமா இதுக்குள்ள காணாமப் போயிட்டாரே” என்று சிரித்தாள். இரண்டு பக்கமும் பிரித்து, அளவாகச் சிறிதாக்கினாள். அதிகாரி முன்னால் நன்றாக உட்கார வேண்டுமில்லையா என்றாள்.

அவரோ, பழைய ஆளாகிவிட்டார். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எண் எண்ணாகச் சொன்னார்.

“ஏழாம் வீட்டுக்காரன் வலை பின்னுவான். பொண்டாட்டியோட சண்டைன்னா அன்னிக்கு வலை பெருசா வரும்.”

“ஆமா மாமா! அவரு போயிட்டாரு. புது எடத்துல ஆறு எங்க இருக்கு? சும்மாவே பின்னிக்கிட்டு இருந்தாரு.”

“இருபத்தொண்ணு?”

“அவங்களும் போயிட்டாங்க. தகரக் கொட்டாய். மொத வெயில்லயே பெரியவங்க பதினோரு பேரு.”

“முப்பது?”

“முப்பதாம் வீட்டுல ஒருத்தருமே இல்ல மாமா.”

அவர் ஒவ்வொரு எண்ணாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். நாற்பத்து மூன்றில் பத்தொன்பதுதான் மிச்சம். தூதரம்மா சமையலறையில் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு கிழங்கு தோலோடு சேர்ந்து பாதியாகிவிட்டதை அப்புறம்தான் பார்த்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், தையல்காரி அடுப்படிக்கு வந்து வெங்காயம் நறுக்கினாள். நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

“லாரி வந்த அன்னிக்கு எங்கம்மா வெறகு பொறுக்கப் போயிருந்தாங்க அத்தை. ரெண்டு மைல் தள்ளி. அங்கயே வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. எங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இந்த எடத்துல நான் இருப்பேன்னு யாருக்குத் தெரியும், அண்ணனுக்குத்தான் தெரியும், அண்ணன்தான் ஆள் அனுப்பியிருக்காருன்னு ஓடி வந்து மொத ஆளா ஏறினாங்க. அக்கம்பக்கத்துல பயந்தவங்களையும் கையப் புடிச்சு ஏத்தி விட்டாங்க.”

“இப்ப உங்கம்மா...”

“இருக்காங்க. இருமல்தான். ராத்திரி பகல் கெடையாது. நான் கெளம்பறப்போகூட, அண்ணன்கிட்ட போய்க் கேளு, இல்லன்னு சொல்ல மாட்டாருன்னாங்க.”

“அவங்களுக்குத் தெரியாதா, பட்டியல் யாரு குடுத்ததுன்னு?”

கத்தி நின்றது. “எனக்குத் தெரியும் அத்தை. வரிசையப் பாத்ததுமே தெரிஞ்சுது. அம்மாகிட்ட சொல்லல. சொல்லி என்ன ஆகப் போகுது? எங்களுக்கு அவர் மேல வழக்கு இல்ல. நான் குடுத்தேன்னு அவர் ஒரு வார்த்த சொன்னாப் போதும். மேடு கெடச்சுடும்.”

தூதரம்மா அடுப்பைத் தணித்தாள். மென்று விழுங்கிப் பார்த்தாள், முடியவில்லை. “அத அடிச்சது நான். அந்த நாலு தாளையும். எண்ணிக்கை தப்பக்கூடாதுன்னு ரெண்டு தடவ சரிபார்த்தேன்.”

தையல்காரி அவளைத் திட்டியிருக்கலாம். அந்த வெங்காயக் கத்தியை வீசியிருந்தாலும் தப்பில்லை. அவளோ ஈரக் கையோடு இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப நீங்களும் சாட்சிதான்! மாமா தடுமாறினா நீங்க சொல்லிடுவீங்கல்ல?”

“சொல்றேன்.”

“நெசமா அத்தை?”

“சொல்றேன்னா சொல்றேன். உப்பிட்டவங்களுக்கே உள்ளளவும் நெனப்பு வேணுங்கறாங்க. தண்ணி குடுத்தவங்க நீங்க. எனக்கு எழுபத்தாறு வயசு, இனிமே என்ன ஆயிடப் போகுது.” சொன்னபோது அவளுக்கு நெஞ்சு லேசானது. உண்மையாகத்தான் சொன்னாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகன் போன் செய்தான். அவனும் தகப்பன் வழியில் வெளிநாட்டுச் சேவையில்தான் இருக்கிறான். எப்படியோ செய்தி அவனுக்கு எட்டிவிட்டது.

“அம்மா, அப்பாவுக்கு நெனவு சரியில்லன்னு டாக்டர் சர்டிபிகேட் இருக்குல்ல. அதக் காட்டி அனுப்பிச்சிடுங்க.”

“அவருக்கு எல்லாம் நெனவு இருக்குடா. எண் எண்ணாச் சொல்றாரு.”

“அதான் பயமே. அம்மா, இது நம்ம வீட்டு விஷயம் இல்ல. ரெண்டு நாட்டு விஷயம். அவர் பேர்ல பல்கலைக்கழகத்துல ஒரு கூடமே இருக்கு. நாளைக்கு எல்லாம் நாறிடும். நீங்க மட்டும் வாயத் தெறக்காம இருங்க, போதும்.”

“உனக்கு அவங்க யாருன்னு தெரியுமா?”

“எனக்குத் தெரிய வேண்டாம்மா,” என்றான் அவன். குரலில் அதட்டல்கூட இல்லை. தகப்பன் பேசுகிற மாதிரியே பேசினான்.

மறுநாள் பதினொரு மணிக்குச் சரியாக அதிகாரி வந்தார். நல்ல மனிதர். குடையை வெளியே வைத்துவிட்டுக் காலைத் துடைத்துக்கொண்டு வந்தார். மேஜையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார். தையல்காரியைப் பார்த்து, “நீங்க வழக்குப் போட்டவங்க. கூட இருக்கலாம், ஆனா சாட்சிக்கு வார்த்த எடுத்துக் குடுத்தீங்கன்னா பதிவே செல்லாமப் போயிடும்” என்றார். அவள் தலையாட்டிவிட்டுச் சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள்.

தூதர் சாய்வு நாற்காலியில் இருந்தார். கறுப்புக் கோட்டு கச்சிதமாக இருந்தது. அதிகாரி கோப்பைத் திறந்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. இடது கையால் பொத்தானைப் போட முயன்றார். தூதரம்மா போட்டுவிட்டாள்.

“ஐயா, இந்த நாலு தாளையும் பாருங்க. இத இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?”

“மொதல்ல, இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வந்ததுக்கு என் நன்றி,” என்றார் தூதர். குழறல் இல்லாத குரல். “வழியில மழை அதிகமோ?”

“பரவாயில்ல ஐயா. இந்தத் தாள்...”

“நல்ல கேள்வி. ரொம்ப முக்கியமான கேள்வியும்கூட.”

“இதத் தயார் பண்ணினது நீங்களா?”

“அந்தக் காலகட்டத்துல ரெண்டு அரசாங்கத்துக்கும் நடுவுல பல தாள்கள் கைமாறியிருக்கும். ஒவ்வொண்ணப் பத்தியும் நான் இப்ப கருத்துச் சொல்றது சரியா இருக்காது.”

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொட்டிலில் வந்த பழக்கம்கூட இல்லை, நடுவயதில் உத்தியோகத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் நோய் எல்லாவற்றையும் அரித்துவிட்டு இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது. அதிகாரி வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். ஆற்று மேட்டில் தங்கியிருந்தீர்களா? அங்கத்து மக்கள் மீது எனக்கு என்றும் மதிப்பு உண்டு. வீடுகள் இருந்தனவா? அதை அந்த நாட்டு அதிகாரிகளிடம் கேட்பதே முறை. முக்கால் மணி நேரம் இப்படியே போனது. ஒரு வார்த்தை பொய் இல்லை, ஒரு வார்த்தை உண்மையும் இல்லை. தையல்காரி கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பேனாவை மூடப் போனவர், நிறுத்தினார். “இந்த வீட்டுல வேற யாராவது, அந்தக் காலத்துல இவரோட வேலை பாத்தவங்க இருக்காங்களா?”

தையல்காரியின் கண் தூதரம்மாவிடம் வந்து நின்றது. தூதரம்மா நாற்காலிப் பிடியை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தாள். வாயையும் திறந்தாள்.

“என் மனைவி,” என்றார் தூதர் முந்திக்கொண்டு. “டைப் அடிப்பா. அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது.”

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். விருந்துக் கூடங்களில், அவள் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லப் போகும்போது, அந்தக் கோடியிலிருந்து கூட்டத்துக்கு நடுவே அவளை மட்டும் தேடி வந்து தொடும் பார்வை. இருபது வருஷம் அதற்குக் கட்டுப்பட்டு நின்றிருக்கிறாள்.

“அப்படிங்களாம்மா?” என்றார் அதிகாரி. பேனா திறந்திருந்தது. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஆமா சார்,” என்றாள் தூதரம்மா. “எத்தனையோ அடிச்சிருக்கேன். என்ன அடிச்சேன்னு இப்ப ஞாபகம் இல்ல.”

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

தையல்காரி எழுந்துவிட்டாள். “சார், இவங்க நேத்து எங்கிட்ட...”

“நீங்க சொல்லி நான் எழுத முடியாதும்மா. அவங்க வாயால வரணும்.” அதிகாரி தூதரம்மாவைப் பார்த்தார். அவர் காத்திருந்தார் என்பதை அவள் மறக்கவே முடியாது. நன்றாகக் காத்திருந்தார். “ஏதாவது சேக்கணுமாம்மா?”

“டீ ஆறிப்போச்சு சார். சூடா வேற போட்டுக் கொண்டு வரட்டுமா?”

“வேண்டாம்மா.” கருவியை அணைத்தார். “சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் விருந்தினர் விடுதியில இருப்பேன். ஏதாவது ஞாபகம் வந்தா வாங்க. அதுக்கப்புறம் என் கையில இல்ல.” குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தையல்காரி அழவில்லை. பையில் துணிகளை வைத்தாள், தாள்களை உறையில் போட்டாள். தூதர் கையைத் தொட்டு, “வரேன் மாமா” என்றாள். அவர் அவளை யாரோ ஒரு விருந்தாளியாகப் பார்த்துத் தலையசைத்தார். தூதரம்மா பின்னாலேயே வாசல் படி வரை போனாள். தூறல் கனத்திருந்தது.

“சாப்பிட்டுட்டுப் போம்மா. ரெண்டு நாள் பயணம்.”

“வேண்டாம் அத்தை.”

“நான்... அவர் அப்படிப் பாத்ததும்...”

“அம்மா கேப்பாங்க, அண்ணன் எப்படி இருக்காருன்னு. நல்லா இருக்காருன்னு சொல்றேன்.” செருப்பை மாட்டிக்கொண்டாள். “உங்களப் பத்தியும் கேப்பாங்க.”

தூதரம்மாவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “என்ன சொல்லுவே?”

“நீங்க வீட்டுல இல்லன்னு சொல்லிடறேன்.”

மழையில் இறங்கி, முனையிலிருந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். தூதரம்மா திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போயாச்சா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“போயாச்சு.”

“ஒண்ணாம் வீட்டுத் தங்கச்சி இன்னும் இருக்காளா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். சாய்வு நாற்காலியில் அவர் தளர்ந்து போய், கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் தூதர் இல்லை. கண்ணில் நீர் நின்றது.

“தெரிஞ்சுதான் அப்படிப் பேசினீங்களா?”

“இருக்காளா, சொல்லு.”

“இருக்காங்க. இருமலாம். நீங்க இல்லன்னு சொல்ல மாட்டீங்கன்னு சொல்லி அனுப்பினாங்களாம்.”

அவர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது, போகவில்லை.

நிறுத்தத்தில் பஸ் இன்னும் வரவில்லை. தகரக் கூரைக்குக் கீழே தையல்காரி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். விருந்தினர் விடுதி இரண்டு தெரு தள்ளித்தான். மணி இன்னும் பன்னிரண்டரைகூட ஆகவில்லை. ஆனால் இப்போது போய்ச் சொன்னால், அரை மணி நேரத்துக்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நின்று கேட்ட அந்த நல்ல மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தும் சொல்ல வேண்டும். தூதரம்மாவுக்கு அதை நினைக்கவே உடம்பு கூசியது. இதற்குத்தானா, இவ்வளவு சின்ன வெட்கத்துக்குத்தானா என்று மனசு கேட்டது. இதற்குத்தான்.

பஸ் வந்தது. நின்றது. அந்தப் பெண் ஏறுவதற்கு முன் ஒரு தடவை வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

சாரல் கூடம் வரை அடித்துக்கொண்டிருந்தது. தூதரம்மா கதவைச் சாத்தினாள்.